முந்நூற்று அறுபத்தோராவது அட்டை

போன மாதம் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. மாலை, கேக், சுவர்க் கடிகாரம் எல்லாம் முறைப்படி. என் வயது முப்பத்திரண்டு.

பட்டறைக்குக் கம்ப்யூட்டர் பெட்டி வந்துவிட்டது. பூவோ யானையோ எது வேண்டுமோ பென்டிரைவில் போட்டுச் செருகினால் தறிக்குப் போய்விடுகிறது. அட்டை குத்துகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. நான் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். இதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். பதின்மூன்று வருஷம் மிதித்த மிஷின் பெடலைவிட ஆட்டோ பிரேக் மெத்தென்று இருக்கிறது.

கேக் வெட்டும்போது கம்ப்யூட்டர் பசங்களில் ஒருத்தன் கேட்டான்.

"ரிட்டயர்டு ஆபீசர், எங்களுக்குத் தப்பு வந்தா அன்டூ இருக்குது. உங்களுக்கு இன்னா இருந்துது?"

"உங்கள மாதிரி ஆளுங்க மேல பழிய போடறது இருந்துது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்னது தமாஷ் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாவதில் கணக்குத் தாளில் எனக்குப் பதினெட்டு மார்க். அதில் பத்து, பக்கத்து பெஞ்சுக்காரனுடையது. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்றுவரை முடிவாகாத வழக்கு. பதினேழு வயதில் நாகபூஷணம் மாஸ்டரின் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருஷம் டீ வாங்கினேன். இரண்டாம் வருஷம் அட்டைகளைக் கயிற்றில் கோத்தேன். மூன்றாம் வருஷம் மிஷினில் உட்கார்ந்தேன். பயிற்சி அவ்வளவுதான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்திருக்கும். தாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. அந்த வரியில் எங்கெங்கே நிறம் இருக்கிறதோ அங்கெல்லாம் அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்தால் மாலை மாதிரி ஒரு வளையம் ஆகும். அதைத் தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் மாட்டுவார்கள். நெய்கிறவர் ஒரு தடவை மிதித்தால் ஓர் அட்டை நகரும், புடவையில் ஓர் இழை ஏறும். வளையம் சுற்றி முடித்தால் டிசைன் மறுபடி முதலிலிருந்து வரும்.

மாஸ்டர் திட்டவே மாட்டார். அதுதான் அவரிடம் பயம். தெலுங்குக்காரர். தமிழில் பேசினாலும் கோபம் மட்டும் தெலுங்கில் வரும், அதுவும் ஒரே வார்த்தை. நம் பின்னால் வந்து நிற்பார். அவர் சட்டையின் நீலச் சோப்பு வாசனை முதலில் வரும். பிறகு, "ஏமிரா, மிச்சம் எத்தினி?"

மிச்சம் பார்ப்பது அவர் பட்டறையின் சடங்கு. கோத்து முடித்த அட்டைகளை இருபத்து நாலு இருபத்து நாலாக மடித்து அடுக்க வேண்டும். முந்நூற்று அறுபது அட்டை என்றால் பதினைந்து மடிப்பு வரும், மிச்சம் பூஜ்யம். பிறகு பிரித்து, பதினைந்து பதினைந்தாக மடிக்க வேண்டும். இருபத்து நாலு மடிப்பு, மிச்சம் பூஜ்யம். இரண்டு வழியிலும் பூஜ்யம் வந்தால்தான் வளையத்தில் சீட்டுக் கட்டி, 'மிச்சம் 0' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

எண்களை அவர் தெருவில் போகிற வருகிறவர்களைப் பேசுவது மாதிரிதான் பேசுவார். "முன்னூத்தி அறுபது நல்ல குடும்பஸ்தன்டா. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது, யாரு வந்தாலும் பந்தில எடம் குடுப்பான். மொத்தம் இருவத்தி நாலு எண்ணு அவன வகுக்கும்."

"முன்னூத்தி அறுவத்தொண்ணு மாஸ்டர்?"

"அவன் கூட யாரும் சேர மாட்டாங்க. ஒண்ணு, அப்பறம் அவனே, நடுவுல பத்தொம்போது. மூணே பேரு."

இரண்டாவது விதி ஒன்று உண்டு. குத்தும்போது ஓர் அட்டை கெட்டுப்போனால், அந்த நொடியே அதை இரண்டாகக் கிழித்துவிட்டுத்தான் புதிய அட்டையை எடுக்க வேண்டும். கெட்ட அட்டையும் நல்ல அட்டையும் ஒரே மேசையில் முழுசாக இருக்கக் கூடாது.

என் ஒன்பதாவது வருஷம் அந்த அம்மன் புடவை வந்தது.

எங்கள் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் பங்குனித் திருக்கல்யாணத்துக்குப் புடவை நெய்து சாத்துவது ஏகாம்பரம் அண்ணன் வீட்டு உரிமை. அவர் அப்பா, அவருக்கு அப்பா என்று வந்தது. அண்ணனுக்கு அப்போது நாற்பது இருக்கும். நல்ல கை, ஆனால் நடுவில் சில வருஷம் குடியில் விழுந்தார். ஒரு தடவை குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்து பாதிப் புடவையைப் பாழாக்கினார். தெருப் பெரியவர்கள் கூடி உரிமையை எடுக்கப் பார்த்தார்கள். அவர் அம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். இன்னொரு தடவை கை தப்பினால் உரிமை வேறு வீட்டுக்குப் போகும் என்று பேசி முடித்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் தொட்டது டீக்கிளாஸ் மட்டும்தான். ஆனாலும் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது பவானி அண்ணி ஏதாவது கேட்கிற சாக்கில் கிட்டே வந்து மூச்சை இழுப்பார் என்று தெருவுக்கே தெரியும்.

அந்த வருஷப் புடவையில் உடல் முழுக்கக் கிளி, கரையில் கோபுரம். கிளி மூக்குக்கு நேரே கோபுரத்தின் நுனி நிற்க வேண்டும். உடலுக்கு ஒரு பெட்டி, கரைக்கு ஒரு பெட்டி. இரண்டு வளையமும் முந்நூற்று அறுபது அட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு கிளி, ஒரு கோபுரம். புடவை முழுக்க முப்பத்தாறு சுற்று.

கிளி வளையத்தை மாஸ்டர் குத்தினார். கோபுர வளையத்தை நான் குத்தினேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம். பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் கபடி மேட்ச். வாசலில் நண்பன் பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பதின்மூன்றாவது அட்டையில் ஓர் ஓட்டை தள்ளிப் போய்விட்டது. கிழிக்கவில்லை. புதியதைக் குத்தி அதன் மேலேயே வைத்துவிட்டேன். கோக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கோத்துவிட்டேன். ஒவ்வோர் அட்டையிலும் வரி எண்ணைப் பென்சிலால் எழுதுவோம்; கடைசி அட்டையில் 360 என்று இருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று, மடித்துப் பார்க்காமலே சீட்டில் 'மிச்சம் 0' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பைக்கில் ஏறினேன். எங்கள் டீம் தோற்றது.

மாசி நடுவில் ஒரு காலையில் பட்டறை எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் வந்தார்.

"முரளி, அந்தக் கோபுர அட்டைய ஒரு தபா பாரேன்பா. எங்கியோ கண்ணுக்கு உறுத்துது. கிளிக்கு நேரா நுனி நிக்க மாட்டேங்குது."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாண்ணே, காலையிலியே கோபுரம் ரெண்டா தெரியுதா? எங்க, ஊதுங்க பாக்கலாம்!" என்று டிராபிக் போலீஸ் மாதிரி மூக்கை நீட்டினேன்.

கடையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவர் கேட்க வரவில்லை.

புடவை முடிந்து தறியிலிருந்து அறுத்துக் கோயில் மண்டபத்தில் விரித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தறியில் நெய்யும்போது துணி உருளையில் சுற்றிக்கொண்டே போகும். ஒரு முழம்தான் கண்ணில் படும். விரித்தால் கதை வேறு. ஆரம்பத்தில் கிளியும் கோபுரமும் நேருக்கு நேர் நிற்கின்றன. போகப்போகக் கோபுரம் பின்வாங்கி, முந்தானைக்கு வரும்போது ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது.

தெருவுக்குப் பெரியவர் சபாபதி ஐயா. அவர் புடவையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "கரைப் பெட்டி அட்டை நகராம மிதிச்சிருக்கான். நெதானம் இருந்தா அப்படி மிதிப்பானா?" இன்னொருத்தர், "டீக்கடையிலேயே பேசிக்கினாங்களே, காலையிலியே ஆரம்பிச்சிட்டான்னு" என்றார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். என் தமாஷ் இரண்டு வாரத்தில் தெருவெல்லாம் சுற்றி, சாட்சியாகத் திரும்பி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கூடிப் பேசி உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதாகச் சொன்னார்கள். அந்த வெள்ளியிலிருந்து கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பவானி அண்ணி பட்டறை வாசலுக்கு வந்தார்.

"முரளி, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அவரு குடிச்சத நீ பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"நீதான் சொன்னியாமே?"

"அது சும்மா தமாசுக்கு..."

"எனக்குத் தமாசு வேணாம்பா. குடிச்சாரா, இல்லியா? எனக்கு ஒரு நாளும் வாசனை வரல. ஆனா ஊரே சொல்லுது. மூக்க நம்பறதா, ஊர நம்பறதா? ரெண்டு நாளா அவரு சாப்புடல. நான் எதுவும் கேக்கல. கேக்காததுதான் அவருக்கு வலிக்குது, தெரியுது. ஆனா வாய் வரலியே."

"புடவைய ஒரு தபா பாக்கறேன் அண்ணி" என்றேன்.

அண்ணியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் இல்லை. அண்ணி புடவையைத் தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு விரித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். சட்டைப் பையில் இழை பார்க்கும் மடக்குக் கண்ணாடி இருந்தது. குண்டூசியால் தள்ளித் தள்ளி எண்ணினேன். முதல் கோபுரம், கிளி மூக்குக்கு ஓர் இழை பின்னால். இரண்டாவது, இரண்டு இழை. மூன்றாவது, மூன்று. பத்தாவதுக்குத் தாவினேன். பத்து.

கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டேன்.

குடித்தவன் கால் இங்கே ஒன்று தப்பும், அங்கே நாலு தப்பும், நடுவில் சரியாகவும் போகும். ஒரு சுற்றுக்கு ஓர் இழை, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று யாரும் இவ்வளவு ஒழுக்கமாகத் தப்பு செய்ய முடியாது. இதை ஒரு வளையம்தான் செய்யும்.

நிமிர்ந்து பார்த்தேன். கோபுர வளையம் தறிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. என் கையெழுத்துப் போட்ட சீட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் மேல் ஏறி இருபத்து நாலாக மடித்தேன். பதினைந்து மடிப்பு. மிச்சம் ஒன்று. பென்சில் எண்களைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதின்மூன்று, இருநூற்றுப் பதின்மூன்று.

கயிற்றை அறுத்து, கெட்ட அட்டையை உருவி, மறுபடி முடிச்சுப் போட இரண்டு நிமிடம் போதும். அட்டை என் சட்டைக்குள் போய்விட்டால் வளையம் முந்நூற்று அறுபது. யார் எண்ணினாலும் மிச்சம் பூஜ்யம். என் வேலை இருக்கும். மாஸ்டர் முகத்தைப் பார்க்கலாம். பிளேடை எடுத்துக் கயிற்றில் வைத்தும்விட்டேன். ஓர் இழை அறுந்தது.

"இன்னாபா தேடற மேல?" அண்ணி குடத்தோடு வாசலில் நின்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணி." பிளேடு விரலில் கீறிவிட்டது. கையை மூடிக்கொண்டு இறங்கினேன்.

நேரே பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் தாளில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். நின்றேன். இந்தத் தடவை அவருக்குப் பின்னால் நான்.

"மாஸ்டர், கோபுர வளையத்துல மிச்சம் ஒண்ணு."

பென்சில் நின்றது. அவர் திரும்பவில்லை.

"கிழிக்கலியா?"

"கிழிக்கல. மடிச்சும் பாக்கல."

மாஸ்டர் ஒரு வெற்று அட்டையை என் பக்கம் தள்ளினார். "கிளி முன்னூத்தி அறுவது. கோபுரம் முன்னூத்தி அறுவத்தொண்ணு. ரெண்டும் மொதல் அட்டைல ஒண்ணா கெளம்புது. மறுபடி எப்ப ஒண்ணா வரும்?"

"தெரியல மாஸ்டர்."

"ரெண்டையும் வகுக்கற எண்ணு இருந்தா சீக்கிரம் வரும். அப்படி ஒரு எண்ணு இருந்தா, அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தையும் வகுக்கணும். வித்தியாசம் எத்தினி?"

"ஒண்ணு."

"ஒண்ண எது வகுக்கும்?"

"ஒண்ணுதான்."

"அதான். பக்கத்து பக்கத்து எண்ணு ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஆளு கெடையாது. பெருக்கு."

பெருக்கினேன். மூன்று தடவை தப்பாக வந்தது. நாலாவது தடவை 1,29,960. ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது இழை. ஒரு புடவைக்குப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது இழை. பத்துப் புடவை முழுசாக நெய்து, பதினோராவது தொடங்கிக் கொஞ்சம் போனால்தான் இரண்டும் மறுபடி முதல் அட்டையில் சேரும்.

"ஒடை அத" என்றார். இதற்குமேல் வகுபடாத எண்களாக உடைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. மூன்று 2, இரண்டு 3, ஒரு 5, அதற்குமேல் இரண்டு 19.

அவர் பென்சிலால் முதல் ஆறு எண்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது நான் குத்துன கிளி." இரண்டு பத்தொன்பதையும் தொட்டுக் காட்டினார். "இது நீ."

அட்டையை என் கையில் கொடுத்தார். "அந்த மனுசன ஊதச் சொன்னதும் நீதானா?"

"ஆமா மாஸ்டர்."

"சீ." அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய முதல் திட்டு. மறுபடி கட்டம் நிரப்பப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் முப்பது பேர் இருப்பார்கள். புடவை நீளமாக விரிந்து கிடந்தது. ஏகாம்பரம் அண்ணன் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. அண்ணி பெண்கள் பக்கம், தலை நிமிரவில்லை. மாஸ்டர் வந்து கடைசித் தூணில் சாய்ந்து நின்றார்.

"ஏகாம்பரம், நீ எதுனா சொல்றியா?" என்றார் சபாபதி ஐயா.

"நான் குடிக்கல ஐயா."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியல. என் கால் சரியாத்தான் மிதிச்சுது. ஆனா புடவை அப்படிச் சொல்லலியே."

"புடவையும் அதத்தான் சொல்லுது ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"யாரு? முரளியா? கணக்குல கோட்டை வுட்டவன் இங்க இன்னா பேச வந்த?" என்றார் ஐயா. யாரோ சிரித்தார்கள். சரியான கூலி.

"ஒரே ஒரு வாட்டி ஐயா. நீங்க ஒரு எண்ணு சொல்லுங்க, முப்பத்தாறுக்குள்ள."

"இன்னா, வித்தை காட்டறியா?"

"சொல்லுங்க ஐயா."

சபாபதி ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினேழு."

"பதினேழாவது கோபுரம் கிளி மூக்குக்குப் பதினேழு இழை பின்னால நிக்கும். நான் எண்ண மாட்டேன். வேற யாராவது எண்ணுங்க." மடக்குக் கண்ணாடியை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. பவானி அண்ணி எழுந்து வந்து வாங்கினார்.

பதினேழாவது கோபுரத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் குண்டூசியை வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பத்தைத் தாண்டியதும் அவர் குரல் மெதுவானது. "பதினஞ்சு. பதினாறு." நிறுத்தினார். ஊசியை நகர்த்தினார். "பதினேழு." கண்ணாடியை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார்.

"முப்பது பாரும்மா" என்றார் சபாபதி ஐயா. குரலில் கேலி போயிருந்தது.

முப்பதாவதில் முப்பது. ஐந்தாவதில் ஐந்து.

"குடிச்சவன் கால் இப்படி வரிசையா தப்பாது ஐயா. சுத்துக்கு ஒரு இழைன்னா, வளையத்துல ஒரு அட்டை ஜாஸ்தி. முன்னூத்தி அறுவத்தொண்ணு. இருநூத்திப் பதிமூணு ரெண்டு தபா இருக்குது. கோத்தது நான். எண்ணாம மிச்சம் பூஜ்யம்னு எழுதனதும் நான்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "அண்ணன் பாதிலியே வந்து கேட்டாரு. அவர ஊதச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு அவர்கிட்ட டீ வாசனைதான் வந்துது."

யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். "வுடுடா அவன" என்றார் ஏகாம்பரம் அண்ணன். எழுந்து என்னிடம் வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட்டைய வுட்ரலாம்டா. எனக்கும் கை தப்பியிருக்குது. அன்னிக்கு அத்தினி பேரு சிரிச்சாங்களே, அவங்க வாயில இருக்கறத எப்படிடா உருவுவ?"

அதற்குச் சபாபதி ஐயா வழி சொன்னார். வீடு வீடாகப் போய், மண்டபத்தில் சொன்னதை வாசலில் நின்று சொல்ல வேண்டும், டீக்கடையில் தொடங்கி. நாலு தெரு. சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். முடிக்க மூன்று நாள் ஆனது. தமாஷ் அதே தூரத்தை என்னைவிட வேகமாகப் போயிருந்தது.

மாஸ்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கப்புறம் நான் குத்திய ஒவ்வொரு வளையத்தையும் என் கண் முன்னால் அவரே உட்கார்ந்து மடித்து எண்ணினார். ஆறு மாதம். ஒரு வார்த்தை பேசாமல். அனுப்பியிருந்தால் தேவலை.

வளையத்திலிருந்து அந்த அட்டையை நான்தான் எடுத்தேன், ஐயா முன்னால் கிழித்தேன். அண்ணனும் அண்ணியும் மறுபடி தறியில் உட்கார்ந்தார்கள். பத்தொன்பதாவது நாள் புதுப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். முப்பத்தாறு கிளியும் முப்பத்தாறு கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தன.

கல்யாணத்தன்று கூட்டத்தில் ஒளிந்துதான் நின்றேன். அம்மன் புதுப் புடவையில் இருந்தாள். முன்வரிசையில் பவானி அண்ணி நின்றார். அவர் கட்டியிருந்தது பழைய புடவை. சன்னதியில் சாத்தாதவரை அது வெறும் புடவைதானே என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். பெட்டியில் மடித்து வைத்திருக்கலாம். அண்ணி முந்தானையை நன்றாக விரித்துத் தோளில் போட்டிருந்தார். கோபுரம் கிளியை விட்டு முப்பத்தாறு இழை தள்ளி நிற்பது பத்தடி தூரத்திலிருந்து தெரிந்தது. பக்கத்தில் ஒருத்தி ஏதோ கேட்டாள். அண்ணி முந்தானையை அவள் கையில் கொடுத்து, "எண்ணிப் பாத்துக்கோமா. அவரு நெதானமா நெய்தது" என்றார், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

பிறகு என்னைப் பார்த்துவிட்டார். "டேய் கணக்கு! பதினோராவது பொடவைல தான் ரெண்டும் ஒண்ணா சேருமாமே?"

"ஆமா அண்ணி."

"அதுவரைக்கும் வருஷா வருஷம் அம்மன் கல்யாணத்துக்கு இதான் கட்டுவேன். வந்து பாரு."

பின்னால் யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஏகாம்பரம் அண்ணன். நெற்றி நிறைய விபூதி. மண்டபத்துக்கு அப்புறம் என்னிடம் பேசியிருக்கவில்லை. அன்றும் பேசவில்லை. என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வாயைத் திறந்து, என் மூக்குக்கு நேரே, நிதானமாக ஊதினார்.

சர்க்கரைப் பொங்கலும் ஏலக்காயும் மணத்தது.